இரட்டை வெட்டு

வினைல் ஸ்டிக்கரில் ஒரு கோடு இரண்டு தடவை வெட்டுப்பட்டிருப்பது மெஷினிலிருந்து ஷீட்டை எடுக்கும்போது தெரியாது. வேண்டாத பகுதியை உரிக்க உட்காரும்போதுதான் தெரியும். மூலையில் நகத்தைக் கொடுத்துக் கிளப்பி இழுத்தால், எழுத்தின் ஓரத்தில் மெல்லிய கீற்று ஒன்று உரிபடாமல் நிற்கும். அதைக் கிள்ளி எடுக்கப் போனால் எழுத்தும் கூடவே எழும்பும். போகட்டும் என்று விட்டுவிட்டாலோ, வண்டியில் ஒட்டிய சில நாளில் அந்தக் கீற்றில் தூசி சேர்ந்து எழுத்துக்குத் தாடி முளைத்த மாதிரி ஆகிவிடும்.

2000களின் பிற்பாதியில் திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு ஸ்டிக்கர் கடையில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தேன். லாரி, மினி பஸ், லோடு ஆட்டோ, கடைகளின் கண்ணாடிக் கதவு என்று எழுத்து ஒட்ட இடமிருந்த எல்லாவற்றுக்கும் எங்களிடம் ஆள் வரும். இசக்கியம்மன் துணை, சுடலைமாடன் துணை என்பவை தினசரி வேலை. கோயில் கொடை நெருங்கினால் வரிக்காரர் பெயர்கள், ஆயுத பூஜை நெருங்கினால் ஊரிலுள்ள பாதி வண்டிகள். அந்த நாட்களில் ஒரு ஷீட் வீணானால் போவது ஷீட் மட்டுமல்ல. வாசலில் டிரைவர் நின்றுகொண்டிருப்பார்.

கடை முதலாளியை எல்லாரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படித்தான். அடிப்படையில் அவர் போர்டு ஆர்ட்டிஸ்ட். பஸ் முகப்பு, கடை ஷட்டர், தேர்தல் சுவர் என்று தூரிகையாலேயே வயிறு வளர்த்தவர். ஃப்ளெக்ஸ் வந்து சுவரெழுத்து படுத்த பிறகு ரேடியம் ஷீட்டுக்கு மாறினார். எழுத்தைப் பென்சிலால் வரைந்து, சர்ஜிகல் பிளேடால் கையாலேயே அறுத்தெடுப்பார். அதற்கும் ஈடுகொடுக்க முடியாமல் போனபோது கடன் வாங்கி, ஸ்டிக்கர் வெட்டும் மெஷினான இரண்டடி பிளாட்டர் ஒன்றை வாங்கினார். எனக்குக் கோரல்டிரா சாஃப்ட்வேர் தெரியும், தமிழ் டைப்பிங் தெரியும் என்பதால் என்னைச் சேர்த்துக்கொண்டார். எழுத்து எப்படி இருக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். அதைத் திரையில் எப்படிக் கொண்டுவருவது என்பது எனக்குத் தெரியும். பிளாட்டருக்கு என்ன தெரியும் என்பதைத்தான் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

எழுத்துகளைக் கம்ப்யூட்டர் கொண்டு வினைலில் வெட்டுகிற மெஷினை அமெரிக்காவில் 1983இல் கொண்டுவந்தது ஜோசப் கெர்பரின் நிறுவனம். வியன்னாவில் பிறந்து, நாஜிகளிடமிருந்து தப்பி அமெரிக்காவில் குடியேறியவர் அவர். அங்கே அந்த மெஷின் போர்டு ஆர்ட்டிஸ்டுகளின் கையிலிருந்து தூரிகையை வாங்கி இருபது வருடத்துக்கு மேல் ஆன பிறகு, ஜங்ஷனில் அண்ணாச்சியின் கையிலிருந்தும் வாங்கியது.

எங்கள் மெஷினில் கத்தி இடமும் வலமும் மட்டுமே ஓடும். முன்னும் பின்னும் ஓடுவது ஷீட். கீழே சொரசொரப்பான இரும்பு உருளை, மேலே ரப்பர் சக்கரங்கள், நடுவில் ஷீட். கத்தியைத் திருப்ப மோட்டார் எதுவும் கிடையாது. அதன் நுனி நடு அச்சிலிருந்து கால் மில்லிமீட்டர் தள்ளியிருக்கும், இழுபடுகிற திசைக்குத் தானாகவே திரும்பிக்கொள்ளும். வினைலின் கனம் ஏறக்குறைய 0.08 மில்லிமீட்டர். அதற்குக் கீழே பசை, அதற்கும் கீழே சிலிக்கோன் பூசிய தாள். கத்தி வினைலை முழுக்க அறுக்க வேண்டும், தாளில் வெறும் தடம் மட்டுமே விழ வேண்டும். இந்த மெல்லிய கணக்கு ஒரு தடவை வெட்டுவதற்குப் போட்டது. அதே இடத்தில் கத்தி இரண்டாவது தடவை போனால் கணக்கு முழுவதும் கலைந்துவிடும்.

முதலில் இந்தக் கோளாறு வந்தபோது மெஷினை விற்றவர்களுக்குப் போன் போட்டோம். வெளியூரிலிருந்து ஒரு பையன் வந்தார். பிளேடை மாற்றினார், பெல்ட்டை முடுக்கினார், சக்கரங்களை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தார், பில்லும் பஸ் செலவும் வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் அதே கீற்று. அண்ணாச்சி திரும்ப அவர்களைக் கூப்பிடவில்லை. மெஷினின் முகப்பில் டெஸ்ட் என்று ஒரு பட்டன் உண்டு. அதை அமுக்கினால் கம்ப்யூட்டர் இல்லாமலேயே ஒரு சின்ன வடிவத்தை அது வெட்டிக் காட்டும். அண்ணாச்சி அதை அமுக்கி, வந்ததை டியூப்லைட்டில் தூக்கிப் பார்த்து, நகத்தால் உரித்தார். ஒரே வெட்டு, சுத்தமான மூலை.

“தம்பி, அது சொந்தமா வெட்டுறப்போ ஒழுங்காத்தான் வெட்டுது. நாம சொல்லும்போதுதான் ரெண்டு தடவ வெட்டுது. அப்போ தப்பு சொல்றவன்கிட்ட இருக்கு” என்றார்.

இந்தக் கோளாறை ஆராய இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது என்று இன்றைக்கும் நினைக்கிறேன். டெஸ்ட் வெட்டு சுத்தமாக வந்தால் பிளேடு, பெல்ட், மோட்டார் எல்லாம் ஏறக்குறைய தப்பிவிட்டன. மிச்சம் இருப்பது ஃபைல், செட்டிங், ஷீட்டை மாட்டிய விதம்.

நாம் மெஷினிடம் என்னதான் சொல்கிறோம் என்பதைத் தெரிந்துகொள்ள ஒரு வழி இருந்தது. கோரலிலிருந்து வேலையைப் பி.எல்.டி. ஃபைலாக ஏற்றுமதி செய்து, அதை நோட்பேடில் திறந்து பார்க்கலாம். திரையில் சிவப்பும் மஞ்சளுமாக ஜொலித்த அம்மன் பெயர் அங்கே வெறும் எண்களாகக் கிடக்கும். ஹியூலெட்-பேக்கர்ட் நிறுவனம் தன் பேனா பிளாட்டர்களுக்காக உருவாக்கிய எச்.பி.ஜி.எல். மொழி அது. பி.யு. என்றால் பேனாவைத் தூக்கு, பி.டி. என்றால் பேனாவை இறக்கு. கூடவே போக வேண்டிய இடத்துக்கு இரண்டு எண்கள். ஒரு மில்லிமீட்டருக்கு 40 அலகு. எங்கள் வேலைக்கு இவ்வளவுதான். பேனா இருந்த இடத்தில் கத்தி வந்திருக்கிறது, மொழி மாறவில்லை. எங்கள் ஃபைலில் நிறம் கிடையாது, எழுத்து கிடையாது, உள்ளே வெளியே என்ற பேதம் கிடையாது. இந்த இடத்தில் முன்பே வெட்டியாயிற்று என்ற நினைவும் கிடையாது. பேனா ஒரே கோட்டில் இரண்டு முறை போனால் கோடு கொஞ்சம் கறுக்கும், யாரும் கவனிக்கப் போவதில்லை. கத்தி போனால் ஷீட் போச்சு.

அண்ணாச்சிக்கு நோட்பேடு ஒத்துவரவில்லை. அவர் தனக்கென்று ஒரு முறை வைத்துக்கொண்டார். கெட்டுப்போன ஷீட்டைத் தூக்கிப் போட மாட்டார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஷீட்டைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்து, இரண்டு கோடுகளுக்கும் நடுவில் இடைவெளி எப்படி இருக்கிறது என்று பார்ப்பார். எழுத்தைச் சுற்றி ஒரே அளவாக ஓடுகிறதா, ஒரு பக்கமாகத் தள்ளியிருக்கிறதா, போகப் போக விரிகிறதா, இடைவெளியே இல்லையா? நான் கேட்கப் போகும் முன்பே “கம்ப்யூட்டரப் பாரு” என்பார், இல்லையென்றால் “ரோலப் பாரு” என்பார். அவர் சொன்ன பக்கம்தான் பெரும்பாலும் கோளாறு இருக்கும்.

சுற்றிலும் ஒரே அளவாக இடைவெளி ஓடினால் அது ஃபைலில் உள்ள விளிம்புக் கோட்டின் வேலை. எழுத்துக்கு நிறம் நிரப்பியிருப்பார்கள், கூடவே அழகுக்காக விளிம்புக்கும் ஒரு தடிமன் கொடுத்திருப்பார்கள். திரையில் பார்க்க எழுத்து கொஞ்சம் புஷ்டியாகத் தெரியும், அவ்வளவுதான். வெட்டும் சாஃப்ட்வேர்கள் சில அந்த விளிம்புக்கோட்டின் உள்கரையை ஒரு வெட்டாகவும் வெளிக்கரையை இன்னொரு வெட்டாகவும் எடுத்துக்கொள்ளும். கோரலில் விளிம்பின் தடிமன் பாதி எழுத்துக்கு உள்ளே, பாதி வெளியே விழும். நம்பர் பிளேட்டில் இது சட்டம் வரைக்கும் போய்விடும். காருக்கும் லாரிக்கும் எழுத்து 65 மில்லிமீட்டர் உயரம், 10 மில்லிமீட்டர் தடிமன், எழுத்துக்கு எழுத்து 10 மில்லிமீட்டர் இடைவெளி என்பது மத்திய மோட்டார் வாகன விதி. ஒரு மில்லிமீட்டர் விளிம்பு இருந்து, வெளிக்கோட்டை நம்பி உரித்தால் எழுத்து 11 ஆகும், இடைவெளி 9 ஆகும்.

இதிலேயே ஒரு நுண்ணிய வகை உண்டு. அதைக் கண்டுபிடிக்கத்தான் எங்களுக்கு ரொம்பக் காலம் பிடித்தது. கோரலில் எழுத்தை வளைவுகளாக மாற்ற கன்ட்ரோலும் க்யூவும் போதும். அதோடு ஷிஃப்டும் சேர்ந்து அமுங்கினால் விளிம்புக்கோடு தனியொரு வடிவமாகப் பிரிந்து நிற்கும். அந்த நாளைய கோரலில் மிக மெல்லிய கோடு என்பது 0.076 மில்லிமீட்டர். அது வடிவமாக மாறினால் அதற்கும் இரண்டு கரை, ஆக இரண்டு வெட்டு. மெஷின் அலகில் சொன்னால் நடுவில் மூன்றே மூன்று படி. வினைலின் கனமே அதற்குக் கொஞ்சம் கூட. இதைக் கண்ணால் பார்த்தால் இரட்டைக் கோடு என்று தோன்றாது, பிளேடு மழுங்கிப்போய்ப் பிய்க்கிறது என்றுதான் தோன்றும். பக்கத்து டி.டி.பி. சென்டரிலிருந்து வந்த ஃபைல்களில் இது அடிக்கடி வரும், புதுப் பிளேடு போட்டும் பிசிறு போகாது. வயர்ஃப்ரேம் பார்வைக்கு மாற்றி, கோட்டை முடிந்தமட்டும் பெரிதாக்கிப் பார்த்தால்தான் ஒன்றென்று நினைத்த கோடு இரண்டாகப் பிரியும்.

இடைவெளி ஒரு பக்கமாகத் தள்ளியிருந்தால் கதை வேறு. எல்லா எழுத்திலும் இரண்டாவது கோடு வலது பக்கமாக, அல்லது கீழ்ப்பக்கமாக, ஒரே அளவு நகர்ந்திருக்கும். இது விளிம்பு இல்லை, முழு வேலையே இரண்டு தடவை போயிருக்கிறது. கேபிள் சரியில்லாமல் மெஷின் நின்றதும் பொறுமை இழந்து யாராவது மறுபடி அனுப்பியிருப்பார்கள். அல்லது கரண்ட் போயிருக்கும். 2008க்குப் பிறகு சில வருடங்கள் தமிழ்நாட்டில் மின்வெட்டு எப்படியிருந்தது என்பது எல்லாருக்கும் நினைவிருக்கும். கம்ப்யூட்டருக்கு யு.பி.எஸ். இருந்தது, பிளாட்டர் நேரடிக் கரண்டில் ஓடியது. கரண்ட் போனதும் கத்தி அப்படியே நிற்கும். வந்ததும் மெஷின் தன் தொடக்க இடத்தைப் புதிதாக வைத்துக்கொள்ளும். ஷீட்டை வீணாக்க மனமில்லாமல் பழைய வெட்டின் மேலேயே மறுபடி ஓட்டினால் ஒரு மயிரிழையாவது தள்ளித்தான் விழும். அண்ணாச்சி இதற்குச் செலவில்லாத தீர்வு ஒன்று வைத்திருந்தார். மின்வெட்டு நேரத்தைக் காலண்டரில் எழுதிவைத்து, நெருங்கும் நேரத்தில் நீளமான வேலை எதையும் போட விடமாட்டார்.

இடைவெளியே இல்லாத இரட்டை வெட்டுதான் மோசமானது. மேலே பார்த்தால் கோடு ஒன்றுதான். ஆனால் கத்தி சரியாக அதே தடத்தில் இரண்டாம் முறை இறங்கிச் சிலிக்கோன் தாளையும் அறுத்திருக்கும். மாஸ்கிங் டேப்பை ஒட்டித் தூக்கினால் எழுத்தோடு தாளும் துண்டு துண்டாக வரும். அண்ணாச்சி ஷீட்டைத் திருப்பித் தாளின் முதுகை விரல் நுனியால் தடவிப் பார்ப்பார், கோடு கையில் தட்டினால் முடிந்தது. சாஃப்ட்வேரில் எத்தனை ஓட்டம் என்ற இடத்தில் 2 என்று இருந்தாலும் இது வரும். தடித்த ரேடியம் ஷீட்டுக்காக வேண்டுமென்றே இரண்டு வைத்துவிட்டு, அடுத்து சாதா வினைல் வெட்டும்போது மாற்றாமல் விட்டிருப்பார்கள். அது 1 என்றே இருந்தால், ஃபைலில் ஒரே வடிவம் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கிடக்கிறது.

இந்தக் கோளாறுகள் தனித்தனியாக வந்தால் பிடித்துவிடலாம். ஒரு ஆயுத பூஜை சமயத்தில் இரண்டு சேர்ந்து வந்தன.

லாரி கண்ணாடியின் மேல்பட்டைக்கு நீளவாக்கில் ஒரு பெயர். ஃபைல் வெளியிலிருந்து வந்தது. வெட்டி உரித்தால், முதல் எழுத்துகளில் ஒற்றைக் கோடு. நடுவில் கீற்று தலைகாட்டுகிறது. கடைசி எழுத்தில் இடைவெளி அரை மில்லிமீட்டருக்கு வந்துவிட்டது. விளிம்பு என்றால் ஒரே அளவாக இருக்க வேண்டும். இரண்டு தடவை அனுப்பியது என்றால் ஒரே பக்கம், ஒரே தூரம் இருக்க வேண்டும். இது போகப் போக விரிகிறது. அண்ணாச்சி “ரோலப் பாரு” என்றார். டெஸ்ட் வெட்டு சுத்தமாக இருந்தது. ஷீட் வழுக்குகிறது என்றே வைத்துக்கொண்டாலும், வழுக்கினால் எழுத்து கோணும். ஒரு கோடு எப்படி இரண்டாகும்? திரையிலோ ஒரே ஒரு கோடுதான்.

அண்ணாச்சி பிளேடைக் கழற்றச் சொன்னார். மெஷினோடு வந்த பேனா மேசை டிராயரில் கிடந்தது. அதை மாட்டி, பெயரைச் சின்னதாக்கி, ஒரு துண்டுச் சார்ட் பேப்பரில் வரைய விட்டோம். கோடு ஒன்றாகத்தான் விழுந்தது. ஃபைலில் குற்றமில்லை என்று நான் பேப்பரை எடுக்கப் போனேன். அவர் பேப்பரைப் பார்க்கவில்லை, பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எடுக்காதே, நில்லு. கோடு ஒண்ணுதான். ஆனா பேனா ரெண்டு தடவ நடக்குதுல்லா?”

உண்மைதான். கடைசி எழுத்தை முடித்த பேனா ஓரத்துக்குப் போய் நிற்கவில்லை. முதல் எழுத்துக்குத் திரும்பி வந்து, வரைந்த கோட்டின் மேலேயே மறுபடி நடந்தது. சின்னப் பேப்பர், சின்ன வேலை, ஷீட் வழுக்க நேரமில்லை. அதனால் இரண்டாவது கோடு முதல் கோட்டுக்குள் அப்படியே ஒளிந்துகொண்டது. நோட்பேடில் திறந்தபோது பாதிக்குக் கீழே அதே எண்கள் அதே வரிசையில் மறுபடி வந்தன. கோரலில் பெயரைச் சுற்றிக் கட்டம் இழுத்துத் தேர்ந்தெடுத்ததும் கீழ்ப்பட்டையில் இருக்க வேண்டியதற்கு இரண்டு மடங்கு வடிவங்கள் என்று காட்டியது.

கோரலில் எண் விசைகளுக்கு அருகிலுள்ள கூட்டல் குறியை அமுக்கினால், தேர்ந்தெடுத்த வடிவத்துக்கு நகல் ஒன்று அதே இடத்தில் அச்சு அசலாக விழும். எழுத்துக்கு நிழல் போட டிசைனர்கள் இதைத்தான் பயன்படுத்துவார்கள். நகலுக்குக் கறுப்பு கொடுத்துக் கொஞ்சம் நகர்த்தினால் நிழல் வந்துவிடும். நிழல் வேண்டாம் என்று வாடிக்கையாளர் சொன்னால், சிலர் நகலை அழிக்க மாட்டார்கள், நிறத்தை மாற்றித் திரும்ப இடத்தில் உட்கார வைத்துவிடுவார்கள். அந்தக் கூட்டல் விசை என்டருக்கு நேர் மேலே வேறு இருக்கிறது. கை வழுக்கினாலும் நகல் விழும்.

நகல்களை அழித்துவிட்டு வெட்டினோம். கீற்று போய்விட்டது. ஆனால் கடைசி எழுத்தில் வெட்டு தொடங்கிய புள்ளியும் முடிந்த புள்ளியும் சேரவில்லை, வட்டம் வாய் பிளந்து நின்றது. இரண்டாவது குற்றவாளி அப்போதுதான் வெளியே வந்தான். புது ரோலின் முழுப் பாரத்தையும் மெஷினே இழுத்துக்கொண்டிருந்தது. ரப்பர் சக்கரம் ஒன்றின் பிடி தளர்ந்திருந்ததால் ஷீட் ஒவ்வொரு போக்குவரத்திலும் துளித் துளியாகக் கோணி நகர்ந்தது. கோணல் என்பதால் ஆரம்பத்தில் தெரியாது, நீளம் கூடக் கூட விலகல் பெரிதாகும். சக்கரத்தைச் சரிசெய்து, வேலைக்கு வேண்டிய நீளத்தை ரோலிலிருந்து முன்கூட்டியே உருவித் தொய்வாக விட்ட பிறகு வாய் மூடியது.

இந்த இரண்டில் ஒன்று மட்டும் இருந்திருந்தால் விஷயம் எளிது. ஷீட் வழுக்காமல் இருந்திருந்தால் இரண்டு வெட்டும் ஒரே தடத்தில் விழுந்திருக்கும், தாளின் முதுகைத் தடவியதும் தெரிந்திருக்கும். நகல் இல்லாமல் இருந்திருந்தால் வெறும் கோணல், ரோலை மட்டும் பார்த்திருப்போம். சேர்ந்து வந்ததால் ஒன்று மற்றொன்றுக்கு முகமூடி போட்டது. ஒரு காரணத்தைக் கண்டுபிடித்ததும் கையைத் தட்டிக்கொண்டு எழுந்துவிடக் கூடாது, அதைச் சரிசெய்த பிறகு மிச்சம் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்ற பழக்கம் எனக்கு அந்த லாரியில்தான் வந்தது.

நாங்கள் இரண்டு பேரும் ஒரே எழுத்தை வேறு வேறாகப் பார்க்கிறோம் என்பது இன்னொரு வேலையில்தான் புரிந்தது. அண்ணாச்சி ஒரு பேப்பரில் மார்க்கரால் சூலாயுதம் ஒன்று வரைந்து கொடுத்தார். ஒவ்வொரு கோடும் ஒரே இழுப்பு. அதை ஸ்கேன் செய்து, சாஃப்ட்வேரை விட்டுக் கோடாக மாற்றினால், அவர் ஒரு கோடு போட்ட இடத்திலெல்லாம் இரண்டு கோடு வந்தது. அவருக்குக் கோபம். “நான் போட்டது ஒரு கோடு, இது ஏன் ரெண்டாக்குது?” என்றார். சாஃப்ட்வேர் தவறு எதுவும் செய்யவில்லை. மார்க்கர் கோட்டுக்கு அகலம் உண்டு, அகலம் உள்ள எதற்கும் இரண்டு கரை உண்டு. தூரிகை பிடித்தவர் எழுத்தின் நடுவில் நடப்பார், கரை தானாக அமையும். கத்திக்கு நடு என்பதே கிடையாது, அது கரையில் மட்டும் நடக்கும். அவர் முப்பது வருடம் எழுதிய எழுத்துக்கு அத்தனை நாளும் இரண்டு கரை இருந்திருக்கிறது. அவர் அதைத் தனியாக நினைக்க வேண்டிய அவசியம் வந்ததில்லை.

அந்தச் சூலாயுதத்துக்கு மார்க்கர் கோட்டின் அகலமே வேண்டும் என்றால் இரண்டு கரையும் சரிதான், நடுவிலுள்ளதை வைத்துக்கொண்டு வெளியே உரிக்கலாம். முழுதாக நிரம்பிய சூலாயுதம் வேண்டும் என்றால் உள்கரையை அழிக்க வேண்டும். எது வேண்டும் என்று படத்தைப் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும். அண்ணாச்சி அதற்குப் பிறகு வரைந்து தரும்போதே, நிரம்ப வேண்டிய இடத்தை மையால் முழுக்க அடைத்துக் கொடுப்பார். கரை ஒன்றாகிவிடும்.

தமிழ் எழுத்து இதில் தனி வில்லங்கம். ஆங்கில எழுத்து ஒவ்வொன்றும் பெரும்பாலும் தனித்தனியாக நிற்கும். அந்த நாளைய தமிழ் எழுத்துருக்கள் பலவற்றில் இகரக் கொக்கி தனித் துண்டு. டைப் செய்யும்போது க-வின் தோளில் அது வந்து உட்காரும், கால் உள்ளே புதைந்திருக்கும். இரண்டும் ஒரே நிறம் என்பதால் திரையில் ஒரே எழுத்து. கத்தி இரண்டு கரையையும் தனித்தனியாகச் சுற்றும். இசக்கி என்று வெட்டினால் கொக்கியும் க-வும் சேர்கிற இடத்தில் எழுத்துக்குக் குறுக்கே வெட்டு விழும், உரிக்கும்போது அம்மன் பெயர் அந்த இடத்தில் துண்டாகும். டி, மி, ஸ்ரீ என்று எங்கெல்லாம் துண்டுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறுகின்றனவோ அங்கெல்லாம் இதே கதை. மருந்து வெல்டு. எழுத்தை வளைவுகளாக்கி, எல்லாத் துண்டையும் தேர்ந்தெடுத்து வெல்டு கொடுத்தால் உள்ளே புதைந்த கோடுகள் கரைந்து, வெளிக்கரை மட்டும் நிற்கும். அதைச் செய்த பிறகு எழுத்துப்பிழை கண்டுபிடித்தால் மறுபடி டைப் செய்ய வேண்டியதுதான். அதனால் வெல்டுக்கு முன்னால் வாடிக்கையாளரைக் கூப்பிட்டுப் பெயரைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுவோம்.

எல்லாவற்றையும் ஒரே நொடியில் சோதிக்க ஒரு வழி பின்னால் கைவந்தது. எல்லா வடிவத்தையும் தேர்ந்தெடுத்து கன்ட்ரோலும் எல்-லும் அமுக்கினால் கோரல் அவற்றை ஒரே வடிவமாகச் சேர்க்கும். அப்படிச் சேரும்போது இரண்டு வடிவம் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும் இடத்தில் நிறம் மறைந்து ஓட்டையாகும். அதாவது, எழுத்துக்கு அடியில் அச்சு அசல் நகல் ஒன்று இருந்தால் அந்த எழுத்து முழுவதுமே மாயமாகிவிடும். கொக்கி புதைந்திருந்தால் அந்த இடம் மட்டும் வெளுக்கும். பார்த்துவிட்டு கன்ட்ரோல் இசட் அடித்துத் திரும்பிவிட்டு, பிறகு வெல்டு. முதல் தடவை இதைச் செய்து காட்டியபோது எழுத்துகள் மறைவதைப் பார்த்து அண்ணாச்சி பதறிவிட்டார். அப்புறம் அவருக்கு அது மெத்தப் பிடித்துப்போனது. வெளியிலிருந்து ஃபைல் கொண்டுவருபவர்கள் முன்னால் அதைச் செய்யச் சொல்லுவார், யாருடைய ஃபைலில் எத்தனை எழுத்து மறைகிறது என்று பார்த்துச் சிரிப்பார்.

நான் கடையை விட்டுப் போன பிறகு தொழில் மாறிவிட்டது. 2019 ஏப்ரல் 1 முதல் புது வண்டிகளுக்கு உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் கட்டாயமாகி, கடைகளுக்கு வந்துகொண்டிருந்த நம்பர் வேலையின் பெரும்பங்கு போயிற்று. படத்தை அச்சடித்து ஓரத்தை வெட்டித் தரும் மெஷின்கள் வந்துவிட்டன. நான் இப்போது இருப்பது லேசர் வெட்டும் பட்டறையில். அக்ரிலிக்கின் ஓரம் காரணமில்லாமல் கருகினால் பையன்கள் லென்ஸைத் துடைக்கிறார்கள், பவரைக் குறைக்கிறார்கள். நான் ஃபைலைத் திறந்து எத்தனை வடிவம் என்று எண்ணச் சொல்கிறேன். பாதி நேரம் அங்கேயும் அதே நகல்தான் படுத்திருக்கிறது.

மெஷின் செய்யும் வேலைக்கு மனிதனுக்கு எதற்குக் கூலி என்ற கேள்வி அண்ணாச்சியின் கடையில் அந்த நாளில் தினமும் வரும். ஒரு தடவை ஒரு மினி பஸ்காரர் பில்லைப் பார்த்துவிட்டு, “வெட்டுறது மெஷின்தானே அண்ணாச்சி? ஷீட்டுக்குக் காசு வாங்கிட்டீங்க. அப்புறம் டிசைன் சார்ஜுன்னு எதுக்குத் தனியா?” என்று கேட்டார்.

“வெட்டுறது மெஷின்தான் வே. அதை ஒரு தடவ மட்டும் வெட்ட வைக்கிறதுக்குத்தான் எனக்குக் காசு” என்றார் அண்ணாச்சி.

மினி பஸ்காரர் அதைக் கேட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே பத்து ரூபாய் குறைத்துத்தான் கொடுத்தார்.